கம்பியில் தொங்கிய தேத்தண்ணி

1. லகாட் பஸ்ஸில் ஒரு காலை

லகாட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் காலை ஏழு மணி பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கீரைக் கட்டோடு மார்க்கெட்டுக்குப் போகும் சீனக் கிழவர்கள் என்று அடைந்து கிடக்கும். நான் அந்த பஸ்ஸில் கண்டக்டர். எண்பத்தாறாம் வருஷம் ஒரு நாள், டிக்கெட் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து பின்பக்கம் போனவன் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கம் சீட்டுக் கம்பி, மறுபக்கம் நின்றுகொண்டிருந்த ஆள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே புகுந்தான். டிரைவர் ஹாஷிம் பிரேக்கை மிதித்தார். நான் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தேன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி.

எப்படியோ மேல்கம்பி கையில் சிக்கியது. தோள்பட்டை சுளுக்கிக்கொண்டதே தவிர அவள்மேல் விழவில்லை. அந்தப் பெண் கத்தவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் "சாரிம்மா" என்று சொன்னதுகூடக் காதில் விழுந்திருக்காது.

இத்தனைக்கும் இந்த உடம்பைக் குறைக்க வேண்டும் என்று, அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்புதான் வயிற்றையே வெட்டிக்கொண்டு வந்தவன் நான். குறைந்தது. பிறகு திரும்ப வந்துவிட்டது. இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் பேத்தி. அவள் ஆபீசில் ஒருவர் இந்த மாதிரி ஆபரேஷன் செய்து, இளைத்து, மறுபடியும் பருத்து, இப்போது டாக்டர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு ஒளிந்து திரிகிறாராம். தாத்தா என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2. ரப்பர் கடைத் தராசு

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு ஈப்போவை ஒட்டிய சிலிபின் பக்கம் வந்து சேர்ந்தோம். எழுபத்தொன்றில் பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது என் எடை அறுபத்தெட்டு கிலோ. காக்கி யூனிஃபார்மைப் பிடித்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் சண்டை போட்டவன் நான். அப்படி ஒரு காலம் இருந்தது என்று சொன்னால் என் மகளே நம்பமாட்டாள்.

பத்து வருஷத்தில் ஆளே மாறிவிட்டேன். கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்பது, அடுத்த டிரிப்புக்குள் முடிக்க வேண்டும் என்று அள்ளிப் போட்டுக்கொள்வது. முட்டி வலி வந்தது. படுத்தால் மூச்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இருந்த எடை மிஷினில் முள் கடைசிவரை போய் நின்றுவிட்டது. வேறு எங்காவது நிறுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். லகாட்டில் கட்டிப்பால் என்கிற உறைந்த ரப்பர் பாலை வாங்கும் சீனர் கடைக்குப் போய்த் தராசில் ஏறினேன். கடை முதலாளி தவுக்கே பழக்க தோஷத்தில், சரக்குக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார், நூற்று நாற்பத்தொன்று என்று. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் கோலாலம்பூரில் எனக்கு ஆபரேஷன் செய்தார். இரைப்பையின் மேல்பாகத்தில் ஸ்டேப்பிள் அடித்து, ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாக ஆக்கிவிட்டார். அதற்குமேல் சோறு கொள்ளாது. மீறித் தின்றால் வாந்திதான். முதல் ஆறு வாரம் தண்ணீராகத்தான் எதுவும் குடிக்கலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்த சோறு.

மாதம் ஒருமுறை ஈப்போ கிளினிக்கில் போய்க் காட்ட வேண்டும். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர் மிஸ்ஸி ஞானம். நர்சுகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் யாழ்ப்பாணக் குடும்பம். கண்ணாடிக்கு மேலே பார்த்து, சோறு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். அரைக் கிண்ணம் மிஸ்ஸி என்பேன். எழுதிக்கொள்வார். ஒரே வருஷத்தில் தொண்ணூற்று நாலுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மிஸ்ஸி தன் கையாலேயே எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

3. பாவம், சோறு எறங்காது

லகாட் பஸ் நிற்கிற இடத்தில் அஞ்சலை அக்காவின் ஒட்டுக்கடை. ஈப்போ பக்கம் காக்கா கடை; தமிழ் முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் காக்கா என்போம். பஸ் திரும்புவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும். ஹாஷிம் எனக்கும் சேர்த்தே தேத்தண்ணிக்கு, அதாவது டீக்கு, சொல்லிவிடுவார். குடிக்க நேரமில்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரஃபியா கயிறு கட்டி, ஸ்ட்ராவைச் சொருகிக் கொடுப்பார்கள். அதைக் கதவுப் பக்கத்துக் கம்பியில் மாட்டிவிட்டு டிரிப்பை எடுப்போம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு உறிஞ்சு.

ஆபரேஷனுக்கு முன்னாலும் அப்படித்தான், முதல் வருஷம் கொஞ்சம் குறைந்தாலும் பின்னாலும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், பின்னால் எல்லாருக்கும் என்மேல் இரக்கம் வந்துவிட்டது. மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் சோறு தின்னும்போது நான் நாலு வாயோடு கையைக் கழுவிவிடுவேன். அஞ்சலை அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"வயித்த வெட்டிக்கிட்ட மனுசன், பாவம், சோறு எறங்காது. தேத்தண்ணியாவது தெம்பா இருக்கட்டும்லா" என்று சொல்லி, டின் பாலை, அந்த இனிப்புக் கெட்டிப் பாலை, ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். காக்கா கடையிலும் அதே கதைதான். நான் ஈப்போ கடையைக் குறையும் சொல்லவில்லை, லகாட் கடையைக் குறையும் சொல்லவில்லை. அன்பாகக் கொடுத்தார்கள், அன்பாகக் குடித்தேன். ஐந்து டிரிப் போய் வந்தால் பத்து தேத்தண்ணி.

எங்கள் ஆட்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் சோறு தின்றாயா என்றுதான் அர்த்தம். காலையிலிருந்து நாலு தேத்தண்ணி குடித்தவனும் "இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல" என்பான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இருக்காது. எனக்கும் இருந்ததில்லை.

4. ஒளிந்து திரிந்த காலம்

இரண்டாம் வருஷக் கடைசியில் யூனிஃபார்ம் பொத்தான் இறுகத் தொடங்கியது. துவைத்ததில் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். பிறகு முட்டி வலி வந்தது. என் மனைவி லெட்சுமி பயந்துபோனாள். மகளைத் தெலுக் இந்தானில் கட்டிக் கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இருவர்தான். குழம்பில் தேங்காயை நிறுத்தினாள். எண்ணெயை நிறுத்தினாள். அரைக் கிண்ணம் சோறு கால் கிண்ணம் ஆனது. எடை ஏறிக்கொண்டே போனது. "என் சமையல்லதான் என்னமோ தப்பு" என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். நான் பேசாமல் இருப்பேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது பாதி உண்மை.

மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. அதைக் கிளறிப் பார்க்கப் பயந்தேன். கிளறினால் தேத்தண்ணியும் போய்விடும். சோறும் போய், அதுவும் போனால் மனுஷனுக்கு என்னதான் மிச்சம்?

கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினேன். முதல் மாதம் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சாக்கு. அடுத்த மாதம் காய்ச்சல் என்று சாக்கு. அப்புறம் சாக்கும் சொல்லவில்லை, அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இத்தனை பேர் பாடுபட்டு இளைக்க வைத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? களைப்பாக இருந்தது. உடம்பைச் சுமப்பது ஒரு களைப்பு என்றால், அதை மறைப்பது அதைவிடப் பெரிய களைப்பு.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் புருஷன் கம்பெனிக்கு வந்து முறையிட்டார். நியாயம்தான். எங்கள் சூப்பர்வைசர் சாமிநாதன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"பெருமாளு, நான் ஒன்னும் சொல்லல. ஆனா பேசஞ்சர் பயப்படுறாங்க. மூணு மாசம் பாப்போம். பஸ்ஸுக்குள்ள ஒழுங்கா நடக்க முடியலன்னா டிப்போவுல கழுவுற வேலைக்குப் போய்க்க."

பதினைந்து வருஷம் மனிதர்களுக்கு நடுவில் நின்றவனை, காலி பஸ்ஸைக் கழுவப் போ என்கிறார். அந்த வேலையைக் கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு என் பஸ் வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியாது.

5. மிஸ்ஸி ஏறினார்

அதற்கு அடுத்த வாரம், ஒரு முற்பகல் டிரிப்பில் லகாட்டில் மிஸ்ஸி ஞானம் ஏறினார். யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒளிய எங்கே இடம்? கதவுக்குப் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்தார். டிக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் உடம்பை ஏற இறங்கப் பார்க்கவில்லை. கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த தேத்தண்ணிப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆட்கள் குறைந்ததும் கேட்டார்.

"இது இண்டைக்கு எத்தனையாவது?"

"நாலாவது மிஸ்ஸி."

"ஒரு நாளைக்கு?"

"பத்து இருக்கும்."

"ஏன் ஒருநாளும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கலியே மிஸ்ஸி. சோறு எவ்வளவுன்னுதான கேட்டீங்க."

மிஸ்ஸி டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "ஓம். நான் கேக்கேல்லைத்தான்" என்றார். அவ்வளவு படித்தவர், இத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இறங்கும்போது, கடைக்காரரிடம் சொல்லி, பத்து தேத்தண்ணிக்கு எவ்வளவு பால் போடுகிறாரோ அதை மட்டும் ஒரு பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு வியாழக்கிழமை கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

மறுநாள் கூட்டமில்லாத நேரத்தில் அஞ்சலை அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே புது டின்னை உடைத்து, எனக்குப் போடுகிற கணக்குக்கு மூன்று மூன்று கரண்டியாக ஒரு கோப்பையில் விட்டார். ஆறு, ஏழு தேத்தண்ணிவரை பேச்சு நடந்தது. எட்டாவதில் சிரிப்பு நின்றது. பத்தாவதுக்கு டின்னைக் கவிழ்த்துச் சுரண்ட வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு டின் பால். கைப்பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள்.

"நானாண்ணே ஒங்களுக்கு இத ஊத்துனேன்" என்று அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் ஊற்றியது பாதிதான் அக்கா, மீதி காக்கா ஊற்றினார் என்று சொல்லித் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

வியாழக்கிழமை கிளினிக் மிஷினில் நூற்றுப் பத்தொன்பது. புது மிஷின் வாங்கி வைத்திருந்தார்கள், முள்ளுக்கு இடமிருந்தது. மிஸ்ஸி கோலாலம்பூர் டாக்டரிடம் போனில் பேசினார், பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்டேப்பிள் பிரியவில்லை, வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. இன்னொரு ஆபரேஷன் கிடையாது, தேவையும் இல்லை என்றார்கள். அந்தச் சின்னப் பை சோற்றைத்தான் தடுக்கும். தண்ணீராகப் போவதை அது என்ன செய்யும்?

6. வேண்டாம் என்று சொல்லும் வேலை

பால் இல்லாத, சீனி இல்லாத கட்டித் தேத்தண்ணி, ஒரு நாளைக்கு இரண்டு. மற்றபடி பச்சைத் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு முட்டையும் கொஞ்சம் மீனும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோறு. மிஸ்ஸி போட்ட திட்டம் இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறதா? காக்கா கடையில் முதல்முறை வேண்டாம் என்றபோது, நான் வேறு கடைக்குப் போகிறேன் என்று நினைத்து காக்கா இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஹாஷிம் தன் பையை மட்டும் கம்பியில் மாட்டுவார். அது ஆடுவதைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஊறும். அதன் பிறகு அவர் சீட்டுக்குக் கீழே வைத்துக் குடிக்கத் தொடங்கினார். அந்த மனிதர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

ஒரு மாதம் கழித்து கிளினிக் மிஷினில் ஏறி நின்றேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. மிஸ்ஸி திட்டவில்லை. ஆனால் இந்த முறை சரியாகக் கேட்டார். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போனதை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழிவரை சொன்னவன், அதற்குமேல் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அங்கே ஒரு கடை உண்டு. பஸ்ஸில் விட்டதை அங்கே நின்று, ஒன்றுக்கு இரண்டாக, யாருக்கும் தெரியாமல் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

மிஸ்ஸி பேனாவை மூடி வைத்தார். "வீட்டில மனுசிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். எதுவும் தெரியாது என்றேன். கடையில் ஒரு டின் கரைந்ததும் தெரியாது, இதுவும் தெரியாது. "அப்ப முதல்ல அங்க போய்ச் சொல்லுங்கோ. பிறகு இங்க வாங்கோ" என்றார்.

போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் எடை இறங்கியது. மெதுவாகத்தான், மாதம் இரண்டு கிலோ, சில மாதம் ஒன்றுமில்லை, தீபாவளி மாதம் ஒரு கிலோ ஏறியது. மூன்று மாதம் முடிந்தபோது சாமிநாதன் லகாட் பஸ்ஸில் ஏறி, நான் முன்னாலிருந்து பின்னால் போய் வருவதைப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். ஒன்றரை வருஷத்தில் தொண்ணூற்றேழு. பழைய தொண்ணூற்று நாலை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. ஆனால் கம்பெனி கண்டக்டர் வேலையையே எடுத்துவிடும்வரை அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். தேத்தண்ணி ஆசை இன்றைக்கும் போகவில்லை. எழுபத்தெட்டு வயதாகிறது, போகும் என்ற நம்பிக்கையும் இல்லை.

பேத்தியின் ஆபீஸ்காரருக்கு இதைத்தான் சொல்வேன். தம்பி, டாக்டர் திட்டமாட்டார், போய் நில்லுங்கள். சோறு எவ்வளவு என்று கேட்டால், சோற்றோடு நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் உங்களுக்காகப் பாடுபடுகிறவர் யாரோ, அவரிடம் சொல்லுங்கள். மறைப்பதில் அவருக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. எனக்கு அது தெரியாமல் இருந்தது.

7. லெட்சுமி சாப்பிட்டாள்

இந்த ஒன்றை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

மிஸ்ஸி சொல்லி அனுப்பிய அன்று ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். லெட்சுமி என் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கால் கிண்ணம் சோறு, எண்ணெய் இல்லாத கத்தரிக்காய்க் குழம்பு. அவள் எப்போதும் நான் எழுந்த பிறகுதான் சாப்பிடுவாள். நான் அதற்குள் திண்டில் சாய்ந்து தூங்கிவிடுவேன். என்ன சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பத்து தேத்தண்ணி, ஒரு டின் பால், வழியில் இருக்கும் கடை. உன் சமையலில் ஒரு தப்பும் இல்லை என்றேன். அழுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் எதுக்குங்க மூணு வருசமா பட்டினி கெடந்தேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். பானையில் சோறு மிச்சம் இருந்தால் நான் கேட்டுவிடுவேன், இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வராது. அதனால் என் அளவுக்கு இரண்டு பங்கு மட்டும் உலை வைத்திருக்கிறாள். எனக்கு அரைக் கிண்ணம் என்றால் அவளுக்கும் அரைக் கிண்ணம். எனக்குக் கால் என்றால் அவளுக்கும் கால். அவள் கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் ஊரெல்லாம் குடித்துவிட்டு வந்து அவள் முன்னால் கால் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

லெட்சுமி எழுந்து அரிசிப் பானையைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில் அரிசி அளப்பதே பால் டின்னில்தான். டின்னை விட்டு, தலை தட்டாமல் கும்பாரமாக ஒரு டின் அள்ளினாள். களைந்து உலையில் போட்டாள். இரண்டு முட்டையைப் பொரித்தாள், எண்ணெய் ஊற்றி. பிறகு என் எதிரில் உட்கார்ந்து, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவசரமே இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

நான் குழம்புச் சட்டியை எடுத்து அவளுக்கு ஊற்றினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை. போதுமா என்று கேட்டேன்.

"ஊத்துங்க" என்றாள்.